ஒரே ஏற்பி, இரண்டு முடிவுகள்: திரும்புவதா, சிதைவதா என்பதை எது தீர்மானிக்கிறது?

கேள்வி: சேலம் முதுகலை மாணவி

வணக்கம். சேலத்தில் முதுகலை உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஈ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி (செல் சவ்வில் நின்று அந்தக் காரணியைப் பற்றும் புரதம்), செல்லுக்குள் இழுக்கப்பட்ட பின் என்ன ஆகிறது என்பதைப் பற்றி அடுத்த வாரம் வகுப்பில் பேச வேண்டும். ஏற்பி உள்ளே சென்று, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் அழிந்துவிடுகிறது என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆனால் அதே ஏற்பியில் டி.ஜி.எஃப்.-ஆல்ஃபா என்னும் இன்னொரு காரணி பொருந்தினால், உள்ளே சென்ற ஏற்பிகளில் பெரும்பகுதி மீண்டும் செல் சவ்வுக்கே வந்துவிடுவதாகப் படித்தேன். இரண்டு காரணிகளும் பொருந்துவது ஒரே இடத்தில்; இரண்டுமே ஏற்பியைத் தூண்டுகின்றன. அப்படியிருக்க முடிவு மட்டும் ஏன் மாறுகிறது?

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். பட்டறைக்கு வரும் பழைய கொலுசைக் கையில் எடுத்த உடனேயே, பற்றவைத்து மெருகேற்றிக் கொடுத்துவிடலாமா, உருக்கத்தான் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். செல்லுக்குள் அப்படிப் பார்த்துச் சொல்வது யார் என்பதே என் கேள்வி.

பதில் 1: ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

அம்மா, நல்ல கேள்வி. உங்கள் அப்பாவைப் போல ஒருவர் ஒரே பார்வையில் முடிவு சொல்லும் ஏற்பாடு செல்லுக்குள் இல்லை. விடையின் முதல் பகுதி அமிலத்தன்மையில் இருக்கிறது. செல்லுக்கு வெளியே பி.எச். அளவு ஏறத்தாழ 7.4. ஏற்பியும் காரணியும் சேர்ந்து உள்ளே வந்தடையும் முதல்நிலை எண்டோசோம் என்னும் சவ்வுப் பையில் அது 6-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அந்த அமிலத்தில் டி.ஜி.எஃப்.-ஆல்ஃபா தன் பிடியை விட்டுவிடும், ஈ.ஜி.எஃப். பெரும்பாலும் விடாது.

காரணி விலகிவிட்டால், ஏற்பியின் வால்பகுதியில் டைரோசின் என்னும் அமினோ அமிலங்களின் மேல் ஏறியிருந்த பாஸ்பேட்டுகளைப் பாஸ்பட்டேஸ் நொதிகள் நீக்கிவிடுகின்றன. அந்தப் பாஸ்பேட்டுகளைப் பற்றிக்கொண்டு நின்ற சி.பி.எல். என்னும் நொதியும் அதன்பின் அங்கே நிற்க முடியாது. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஏற்பியின் மேல் ஒட்டுவது இந்தச் சி.பி.எல். தான். ஒட்டுவது நின்று, ஏற்கெனவே ஒட்டியதும் கழன்றுவிட்டால், ஏற்பி எண்டோசோமிலிருந்து நீளும் மெல்லிய குழாய்கள் வழியாகச் சவ்வுக்குத் திரும்புகிறது. ஈ.ஜி.எஃப். பிடித்துக்கொண்டிருக்கும் ஏற்பியிலோ ஒட்டும் வேலை எண்டோசோமிலும் தொடர்கிறது. ஆகவே அது லைசோசோமுக்குப் போகிறது. சவ்விலிருந்து ஏற்பியை உள்ளே இழுப்பதும் யுபிக்விட்டின்தான் என்பதையும் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: அம்மாபேட்டையைச் சேர்ந்த செல் உயிரியல் ஆய்வாளர்

ஐயா சொன்ன அமிலத்தன்மை விளக்கம் முழுவதும் சரி. கடைசி வாக்கியத்தை மட்டும் அப்படியே உரையில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யுபிக்விட்டின் ஒட்டும் இடங்களில் பெரும்பாலானவற்றை மாற்றியமைத்த ஏற்பிகளும், ஈ.ஜி.எஃப். கொடுத்தால், கிளாத்ரின் என்னும் புரதம் பூசிய சவ்வுக் குழிகள் வழியாக ஏறக்குறைய வழக்கமான வேகத்திலேயே உள்ளே செல்கின்றன. ஆனால் அவை சரிவரச் சிதைவதில்லை. ஆகவே உள்ளே நுழைவதற்கு வேறு வழிகளும் துணைசெய்கின்றன. லைசோசோமை நோக்கிய பாதையில்தான் யுபிக்விட்டின் இன்றியமையாததாகிறது. காரணியின் அளவு மிகுதியானால், கிளாத்ரின் சாராத வழியும் சில செல்களில் திறக்கிறது. அந்த வழியில் யுபிக்விட்டினுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், ஐயா சொன்னதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் விட்டுவிடக் கூடாது. உள்ளே போன ஏற்பி அந்த நொடியே ஓய்ந்துவிடுவதில்லை. எண்டோசோமின் வெளிச்சவ்வில் அது இருக்கும்வரை அதன் வால்பகுதி சைட்டோபிளாசத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்தும் சைகை தொடரலாம். எஸ்கார்ட் என்று அழைக்கப்படும் புரதக் கூட்டங்கள் யுபிக்விட்டின் ஒட்டிய ஏற்பிகளை ஓரிடத்தில் சேர்த்து, சவ்வை உட்புறமாகக் குழித்துச் சிறு குமிழ்களாகக் கிள்ளிவிடுகின்றன. வால்பகுதி அந்தக் குமிழுக்குள் அடைபட்ட பிறகே சைகை உண்மையில் நிற்கிறது. லைசோசோம் அதைச் செரிப்பது பிந்திய வேலை. மாணவர்கள் பலர் சிதைவையும் சைகை நிற்பதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மாணவி: ஐயா இருவருக்கும் நன்றி. யுபிக்விட்டினை நீக்கும் நொதி அளவுக்கு மேல் வேலை செய்தால், சிதைய வேண்டிய ஏற்பியும் திரும்பிவிடுமா? நோய்களில் இப்படி நடப்பதற்குச் சான்று உண்டா?

பதில் 2-ஐ எழுதியவர்: உண்டு. பிட்யூட்டரிச் சுரப்பியில் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகளால் வரும் குஷிங் நோயைப் பாருங்கள். அந்தக் கட்டிகள் பலவற்றில் யு.எஸ்.பி.8 என்னும் நீக்கும் நொதியின் மரபணுவில் மாற்றங்கள் இருப்பது 2015-இல் வெளியானது. வழக்கமாக 14-3-3 புரதங்கள் அந்த நொதியைப் பற்றி அடக்கி வைக்கின்றன. அவை பற்றும் இடத்திலேயே மாற்றம் ஏற்படுவதால் நொதி அடங்காமல் வேலை செய்கிறது, ஈ.ஜி.எஃப். ஏற்பியிலிருந்து யுபிக்விட்டின் மிகுதியாகக் கழன்று, ஏற்பி சிதைவிலிருந்து தப்புகிறது, ஏ.சி.டி.எச். கூடுகிறது.

பதில் 1-ஐ எழுதியவர்: திருத்தத்தை ஏற்கிறேன், மாணவியும் அதன்படியே எழுதட்டும். யுபிக்விட்டினை ஒட்டும் பக்கம் கெடுவதற்கு, மெட் என்னும் இன்னொரு வளர்ச்சிக் காரணி ஏற்பி நல்ல எடுத்துக்காட்டு. நுரையீரல் புற்றுநோயாளிகள் சிலரிடம் அதன் மரபணுவின் 14-ஆவது எக்ஸான் என்னும் துண்டு ஆர்.என்.ஏ.யில் விடுபட்டுப்போகிறது. சி.பி.எல். வந்து பற்ற வேண்டிய 1003-ஆவது டைரோசின் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அது இல்லாததால் ஏற்பி சரிவரச் சிதையாமல் சவ்வில் தங்கிவிடுகிறது. மெட் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் இத்தகைய நோயாளிகளுக்குப் பயன்படுகின்றன.

உங்கள் கொலுசு உவமையை வகுப்பில் சொல்லலாம், அம்மா. அப்பாவின் ஒரு பார்வைக்குப் பதிலாக, சீட்டு ஒட்டும் கையும் அதைக் கிழிக்கும் கையும் ஒரே மேசையில் ஓயாமல் வேலை செய்வதாகச் சொல்லுங்கள். உலைக்குள் போகும் முன் அந்தச் சீட்டும் கழற்றி எடுத்து வைக்கப்படுகிறது. யுபிக்விட்டின் ஏற்பியோடு சேர்ந்து வீணாகாமல் அடுத்த ஏற்பிக்குப் பயன்படுவது அதனால்தான்.