ஈறு நோயில் மெத்தில் குறைவு: அழற்சி செய்ததா, செல் கலவை மாறியதா?

கேள்வி:
பீரியடோன்டைட்டிஸ் (பல்லைத் தாங்கும் எலும்பு வரை போகும் ஈறு நோய்) வந்த ஈறுத் திசுவில், அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா புரதத்துக்கான மரபணுவின் ப்ரோமோட்டரில் (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதி) மெத்தில் (டி.என்.ஏ மீது ஒட்டும் வேதிக் குறி) குறைந்தும், அழற்சி நொதியான காக்ஸ்-2இன் ப்ரோமோட்டரில் கூடியும் இருப்பதாகக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பைசல்ஃபைட் பைரோசீக்வென்சிங்கில் (மெத்தில் சதவீதத்தை அளக்கும் முறை) நமக்கும் அதே வித்தியாசம் கிடைத்தால், ‘அழற்சிதான் மெத்திலை மாற்றியது’ என்று எழுதலாமா? மாதிரி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
எழுதக் கூடாது. முதலில் செல் கணக்கைப் பாருங்கள். நல்ல ஈறுத் துண்டில் பெரும்பாலும் எபிதீலியமும் (மேலுறை செல்கள்) ஃபைப்ரோபிளாஸ்டும் (இணைப்புத் திசு செல்கள்) தான். நோயால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உருவாகும் ஆழமான பையின் சுவரில் வெட்டிய துண்டிலோ லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் போன்ற நோயெதிர்ப்பு செல்கள் குவிந்து கிடக்கும்.

ஒரு சிபிஜி இடத்தில் (டி.என்.ஏவில் சைட்டோசினை அடுத்து குவானின் வரும், மெத்தில் ஒட்டும் இடம்) திசு செல்லுக்கு 90% மெத்தில், நோயெதிர்ப்பு செல்லுக்கு 20% என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஈறில் நோயெதிர்ப்பு செல் 10% என்றால் சராசரி 83%. நோயுற்ற ஈறில் 50% என்றால் சராசரி 55%. 28 புள்ளி இறங்கிவிட்டது. ஆனால் ஒரு செல்லில்கூடக் குறி மாறவில்லை! இன்டர்ஃபெரான் காமா விஷயத்தில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அதைச் சுரக்கும் டி செல்களில் அந்த ப்ரோமோட்டர் இயல்பிலேயே மெத்தில் குறைந்திருக்கும்.

செல்களைப் பிரித்து அளப்பதே சிறந்தது. முடியாவிட்டால், டி.என்.ஏ எடுத்த துண்டுக்கு அடுத்த சீவலைச் சாயமிட்டு, அழற்சி செல் விகிதத்தை எண்ணிப் புள்ளியியலில் சேருங்கள்.

பதில் 2:
ஆய்வகப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பைசல்ஃபைட், மெத்தில் இல்லாத சைட்டோசினை யூராசிலாக்கும்; பிசிஆரில் (டி.என்.ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) அது தைமினாகப் படியும். மாற்றம் அரைகுறையானால் மெத்தில் இல்லாததும் இருப்பதாகத் தெரியும். அதனால் சிபிஜி அல்லாத ஒரு சைட்டோசினை உள்சோதனையாக வையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் 0%, 100% கட்டுப்பாட்டு மாதிரிகள் வேண்டும். ப்ரைமருக்குள் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) சிபிஜி வரக் கூடாது. பைசல்ஃபைட் டி.என்.ஏவை நொறுக்கும் என்பதால் பெருக்கும் துண்டு 200 கார இணைக்குள் இருந்தால் நல்லது. நல்ல நிலையில் உள்ள மூலக்கூறு பத்தோ இருபதோதான் பிசிஆருக்குள் போகிறதென்றால் சதவீதம் கண்டபடி ஆடும். தனித்தனி பிசிஆராக இரண்டு முறை ஓட்டுங்கள்.

பதில் 3:
புகை! ஏ.எச்.ஆர்.ஆர் மரபணுவில் புகைப்பவர்களுக்கு மெத்தில் தெளிவாகக் குறையும். ஈறு நோயும் அவர்களுக்குத்தான் அதிகம். வாய்வார்த்தையை நம்பாமல் கோட்டினின் (நிகோட்டின் உடலில் உடைந்து வரும் பொருள்) அளந்துவிடுங்கள். கூடவே, ஒரே வாயிலிருந்து ஜோடியாக எடுங்கள்: 3 மி.மீ. வரை ஆழமுள்ள, ரத்தம் கசியாத இடம் ஒன்று, 5 மி.மீ.க்கு மேல் ஆழமுள்ள, கசியும் இடம் ஒன்று. வயது, புகை, மரபு எல்லாம் அப்போது தானாகவே சமன்.

கேட்டவர்:
வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்து 3 மாதம் கழித்து மெத்தில் ஏறினால், காரணம் நிரூபணமாகுமா?

பதில் 1:
ஆகாது. சிகிச்சைக்குப் பிறகு அழற்சி செல்லும் வடிந்துவிடும். மேலே போட்ட கணக்கே திரும்பி ஓடும். செல் வளர்ப்புக்குப் போங்கள். ஈறு ஃபைப்ரோபிளாஸ்டுக்கு பாக்டீரியாவின் உறையிலுள்ள, அழற்சியைத் தூண்டும் லிப்போபாலிசாக்கரைடு கொடுத்து அளந்து, பிறகு கழுவி, சில பிரிவுகள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். குறி அப்போதும் நின்றால்தான் செல்லில் அழற்சியின் நினைவு பதிந்தது என்று பேசலாம். ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் சுரக்கும் பியூட்டிரேட்டைச் சோதிப்பதென்றால் ஹிஸ்டோன் அசிட்டைலைப் (டி.என்.ஏ சுற்றியிருக்கும் புரதத்தின் மீது ஒட்டும் வேறொரு குறி) பாருங்கள். அந்த அசிட்டைலை நீக்கும் நொதியைத்தான் அது தடுக்கிறது. இரண்டிலும் உயிரோடுள்ள செல்களை எண்ணுங்கள், ஒரு பகுதி செத்து மீதி தேர்வாகியிருந்தாலும் சதவீதம் மாறும்.