புதுப்பிப்பு: பின் ஸ்ப்ராக்கெட், எஃகா அலுமினியமா?

போன பதிவில் புலம்பியிருந்தேனே, என் பைக்கின் அலுமினியப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்கள் ஒரே மழைக்காலச் சேற்றில் அரிவாள் மூக்கு மாதிரி வளைந்துவிட்டன, அடுத்து எதை மாட்டலாம் என்று. கடைசியில் எஃகையே மாட்டினேன்.

கையில் தூக்கினால் கனம் தெரிகிறது. ஓட்டும்போது, என் ஓட்டுக்கு, ஒன்றும் தெரியவில்லை. நடுப்பகுதி அலுமினியம், பல் வளையம் மட்டும் எஃகு என்று ரிவெட் அடித்த கலப்பு ரகத்தைப் பலர் சொன்னீர்கள். நல்ல யோசனைதான், விலைதான் இடித்தது.

ஆனால் பழைய ஸ்ப்ராக்கெட்டை மட்டும் திட்டியது என் தப்பு. என் பைக்கில் இருக்கும் 520 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் 15.875 மி.மீ. தேய்ந்த செயினில் அந்த இடைவெளி கூடிவிடும். செயினின் உருளை, ஸ்ப்ராக்கெட் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறிச் சுரண்டும். நான் பழைய செயினையே புது ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டியிருக்கிறேன்! இந்த முறை முன், பின், செயின் மூன்றும் புதுசு.

இன்னொன்று, இறுக்கம். ஸ்டாண்டில் நிற்கும்போது அளவாகத் தெரிந்த செயின், சஸ்பென்ஷன் அமுங்கி முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வந்ததும் கம்பி மாதிரி விறைத்தது. அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு இருக்கும்படி இப்போது வைத்திருக்கிறேன்.

முதல் ஓட்டம் முடிந்து போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒன்று லூஸ்.