கேம்போயில ஃபிரீசெல்: நாலு அறையும் நிரம்பினா என்ன செய்யிற?

உப்புவெளிப் பொடியன்:
மாமா வெளிநாட்டில இருந்து வரக்குள்ள கொண்டுவந்த கேம்போய் இப்ப என்னட்ட இருக்கு. 1989இல வந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான், நாலு டபிள் ஏ பெட்டரி போடுறது. கூட வந்த கசட் ஒண்டில ஃபிரீசெல் இருக்கு, ஒவ்வொரு இனத்தையும் ஆஸில இருந்து ராசா வரைக்கும் அடுக்கி முடிக்கிற தனியாள் காட்ஸ் ஆட்டம். வேலை முடிஞ்சு வந்தா அதோடதான் என்ட பொழுது போகுது.

ரெண்டு பிரச்சினை. திரையில கலர் இல்ல, நாலு பச்சைச் சாயல் மட்டும்தான். ஆட்டினும் ஸ்பேட்டும் எனக்கு ஒரே மாதிரித் தெரியுது. மற்றது, கொஞ்சம் நகர்த்தினதும், காட்டை ஒவ்வொண்டா ஒதுக்கி வைக்கிற நாலு அறையும் நிரம்பிருது. பிறகு ஒண்டும் அசையாது. சில ஆட்டம் தீர்க்கவே ஏலாததா?

டச்பே அண்ணன்:
தம்பி, காட்ஸில பழி போடாதீங்க. விண்டோஸில வந்த பழைய ஃபிரீசெல்லில 32,000 ஆட்டம் இருந்திச்சு. அதில 11982ஆம் இலக்கம் ஒண்டுதான் தீர்க்க ஏலாதது.

304 எண்ட காட்ஸ் ஆட்டத்தில துரும்பைக் கவிழ்த்து வைப்பாங்க, ஊகிச்சு விளையாடலாம். இங்க 52 காட்ஸும் எட்டு வரிசையில முகம் காட்டிக்கொண்டு கிடக்கு. அதால, கை வைக்க முதல் நாலு ஆஸும் எங்க எண்டு பாருங்க. எந்த ஆஸ் ஆழத்தில கிடக்கோ, அந்த வரிசையைத்தான் முதல்ல கிண்டவேணும்.

அறை கணக்கு இதுதான். ஒரு அறையும் காலி இல்லாட்டி ஒரு காட்தான் நகரும். மூண்டு அறை காலியெண்டா நாலு காட் சேர்த்து நகர்த்தலாம். கூடவே ஒரு வரிசையும் வெறுமையா இருந்தா அது எட்டாகும் (அந்த வெறும் வரிசைக்கே கொண்டுபோனா இரட்டிப்பு கிடையாது). அறையை விட வெறும் வரிசைதான் பெறுமதி, அதைக் கண்டபடி நிரப்பாதீங்க.

ராசாவை மட்டும் அறைக்குள்ள போடாதீங்க. அவருக்கு மேல காட் இல்ல, போய் உட்கார வெறும் வரிசைதான் வேணும். அது கிடைக்கும்வரைக்கும் உங்களுக்கு மூண்டு அறைதான். வேற எதை அறையில வைச்சாலும் அது எங்க இறங்கும் எண்டு தெரிஞ்சுகொண்டு வைங்க.

ஓர்ஸ்ஹில் அக்கா:
அந்தத் திரைக்கு உள்ளுக்குள்ள லைட் இல்ல, வெளி வெளிச்சம்தான் எல்லாம். நம்மட திருகோணமலை டச்பே கடற்கரை கிழக்குப் பார்த்தது. பின்னேரம் கடலைப் பார்த்து இருந்தீங்க எண்டா வெயில் முதுகுப் பக்கமா வந்து நேரா திரையில விழும். காலையில அதே இடத்தில இருந்தா ஒண்டும் தெரியாது. பெட்டிக்கு இடப்பக்கம் ஒரு சின்னச் சில்லு இருக்கு, அதைத் திருப்பிக் கறுப்பைக் கூட்டிக் குறைச்சுப் பாருங்க.

உப்புவெளிப் பொடியன்:
அக்கா, சில்லைக் குறைச்சதும் பிடிபட்டிச்சு! என்ட கசட்டில ஆட்டினும் டயமனும் வெறும் கோடு, கறுப்பு ரெண்டும் நிரப்பினது. கூட்டி வைச்சதாலதான் எல்லாம் அடைபட்டுத் தெரிஞ்சிருக்கு. அண்ணா, நேற்று ராசாவை வெளியில வைச்சே ஒரு ஆட்டம் முடிச்சிட்டன். பெட்டரி போடுற இடத்தில வெள்ளையாப் பூத்திருக்கு, அதுக்கு என்ன செய்யிற?

டச்பே அண்ணன்:
பெட்டரி கசிஞ்சிருக்கு. எல்லாத்தையும் கழற்றிட்டு, காது குடையிற பஞ்சுக் குச்சியில ரெண்டு சொட்டுத் தேசிக்காய்ப்புளி விட்டுத் தகட்டை மட்டும் துடைங்க. பிறகு ஈரப் பஞ்சால ஒருக்காத் துடைச்சு, நல்லாக் காயவிட்டுப் போடுங்க. விளையாடாத நாளில பெட்டரியை உள்ளுக்க விடாதீங்க, நம்மட உப்புக் காத்துக்கு அந்தத் தகடு கெதியாத் துருப்பிடிக்கும்.