உதவி: அம்மா ஊரோடு போனால் கனடா பென்சன் வருமா?

ஸ்காபரோ மகன்: அவசரம். அம்மா ஊரோடு போய் இருக்கப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். இலங்கையில் எங்கள் சாவகச்சேரி வீடு பூசி முடிந்து ஜூன் கடைசிக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. நேற்றுக் கோயிலில் ஒருவர், ஆறு மாதத்தில் பென்சனை வெட்டிவிடுவார்கள் என்கிறார். உண்மையா?

வடலி: எந்தப் பென்சன்? வந்து எத்தனை வருடம்? வயது? ஒன்றும் சொல்லாமல் நாங்கள் என்னத்தைச் சொல்ல?

மார்க்கம் அக்கா: தம்பி, அம்மா இங்கே வேலை செய்தவரா? சிபிபி, அதாவது வேலை செய்து காசு கட்டி எடுக்கும் பென்சன் என்றால் எந்த நாட்டுக்கும் வரும்.

பனங்காய்: சென்னையில் போய் இருக்கச் சொல்லுங்கள். இலங்கையோடு இல்லாத பென்சன் ஒப்பந்தம் இந்தியாவோடு கனடாவுக்கு 2015 இலிருந்து இருக்கிறது.

கணக்கர்: அந்த ஒப்பந்தம் இந்தியாவில் வேலை செய்து அங்கே காசு கட்டியவர்களுக்குத்தான் உதவும். எத்தனை தரம்தான் இதையே எழுதுவது, வாசித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

ஸ்காபரோ மகன்: 2006 ஒக்டோபரில் வந்தவர், நான்தான் ஸ்பொன்சர். வயது 70. வேலை செய்யவில்லை, எடுப்பது முதியோர் பென்சன் (ஓஏஎஸ்). 65இல் 14/40, அதாவது முழுத் தொகையில் 40இல் 14 பங்கு என்று கடிதம் வந்தது.

பனங்காய்: அப்போ 14இல் பூட்டியாச்சு, வெளிநாட்டில் எடுக்கத் தேவையான 20 வருடம் இனி ஆகாது. முகவரியை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் அனுப்புங்கள்.

கணக்கர்: இரண்டும் பிழை. 14/40 என்பது தொகைக்கு, அது இனி அதிகரிக்காது. வெளிநாட்டில் இருந்து தொடர்ந்து எடுப்பதற்கு, புறப்படும் நேரத்தில் 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், 65க்குப் பின் இருந்த வருடங்களும் அதில் சேரும். ஜூனில் ஏறினால் 19 வருடம் 8 மாதம். புறப்பட்ட மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரும், அதோடு நிற்கும். நவம்பரில் ஏறினால் நிற்காது. எல்லை கடந்த நாள் அரசிடம் பதிவாகிறது, ஒளித்து எடுத்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

வடலி: இடையில் ஊரில் நீண்டகாலம் நின்றவரா? அதையும் பார்க்க வேண்டும்.

மார்க்கம் அக்கா: ஜிஐஎஸ், அதாவது வருமானம் குறைந்த முதியோருக்குப் பென்சனோடு தரும் மேலதிகக் காசு எடுக்கிறாரா? அது 20 வருடம் இருந்தவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே வராது. என் மாமிக்கு மாதம் வந்ததில் பெரிய பங்கு அதுதான். அது நின்ற மாதம் வங்கியில் கிடந்த கொஞ்சக் காசைக் கண்டு, மகன் எடுத்துவிட்டான் என்று அழுதார். முதலே சொல்லி வையுங்கள்.

பனங்காய்: காசுக்காக வயதானவரைப் பேஸ்மென்டில் மறித்து வைப்பதா? என் அப்பா போகவேண்டும் போகவேண்டும் என்றே இங்கே செத்தார்.

மார்க்கம் அக்கா: யாரும் மறிக்கவில்லை. ஊரில் மருந்து வாங்க மகனிடம் கையேந்தாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

ஸ்காபரோ மகன்: 2013இல் அம்மம்மா சாகக் கிடந்தபோது போய் நின்றவர். பழைய பாஸ்போட்டில் முத்திரை பார்த்தேன், 11 மாதம்.

கணக்கர்: ஒரு வருடத்துக்குள், திரும்பி வரும் எண்ணத்தோடு போனது. கழிக்க மாட்டார்கள். அந்தப் பாஸ்போட்டை எறியாதீர்கள்.

ஸ்காபரோ மகன்: நவம்பர் 20க்கு மாற்றியாச்சு. ஜிஐஎஸ் விசயமும் சொன்னேன், சரி என்றார். கறுத்தக்கொழும்பான் மாம்பழக்காலம் போய்விடும் என்றுதான் கோபம். நன்றி.