பாளையங்கோட்டை வீட்டை விக்க புரோக்கர் வைக்கலாமா, நாங்களே பாத்துக்கலாமா?

நங்கநல்லூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில எங்க வீட்டை விக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். அஞ்சரை சென்ட், 1986-ல் அப்பா கட்டினது. தெக்குப் பாத்த வாசல், பின்னால கிணறு, ரெண்டு தென்னை. அப்பா 2021-ல் போயிட்டாங்க. அம்மா இப்ப சென்னையில என்கூட, தம்பி துபாயில. வீடு பூட்டிதான் கிடக்கு. மாசம் ஒரு தடவை ரயிலேறிப் போய்த் திறந்து பெருக்கிட்டு வரேன்.

அப்பாவுக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் அங்க வீட்டுத் தரகு பாக்கிறார். 2% கேக்கிறார். நாங்க எதிர்பாக்கிறது 85 லட்சம், அப்ப அவருக்கு 1,70,000. வாங்குறவங்ககிட்டயும் தனியா வாங்குவாராம். "வாட்ஸாப்ல நாலு போட்டோ அனுப்புறதுக்கு ஒண்ணே முக்கால் லட்சமா?"ன்னு தம்பி குதிக்கிறான்.

சரி, நாமளே பாப்போம்னு கேட்டுல ஃபோன் நம்பரோட போர்டு மாட்டினேன், நெட்டுலயும் போட்டேன். மூணு வாரத்துல 43 கால், நோட்டுல எழுதியே வச்சிருக்கேன். அதுல 29 பேர் புரோக்கர். "மேடம், கையில பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க. பார்ட்டி யாருன்னு கேட்டா லைன் கட்டாயிரும். மிச்ச 14 பேர்ல வீடு பாக்க வந்தது நாலு குடும்பம்.

ஒருத்தர் வாஸ்துக்காரரோட வந்தார். ஈசானிய மூலையில பாத்ரூமைப் பாத்ததும் போட்ட காபியைக் கூடக் குடிக்காம கிளம்பிட்டாங்க. இன்னொருத்தருக்கு வீடு பிடிச்சுது. பத்திரத்துல கைடுலைன் மதிப்பு (அரசாங்கம் வச்ச மதிப்பு) மட்டும் போடலாம், மிச்சம் ரொக்கம்னார். மாட்டேன்னுட்டேன். வேறொருத்தர் 60-க்குக் கேட்டுட்டு, பதிலுக்குக் கூட நிக்கல.

நாலாவது குடும்பம்தான் மனசுல நிக்குது. அந்தப் பொண்ணு அடுக்களை ஜன்னலைத் திறந்து, தென்னையைப் பாத்துட்டு, மிக்ஸி எங்க வைக்கிறதுன்னு புருஷன்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டா. அந்த நேரம் பாத்து எங்கம்மா காபியைக் கையில குடுத்து, "சித்திரை வைகாசியில கிணறு வத்திரும்மா, லாரித் தண்ணிதான். மழை பெஞ்சா மாடி ரூம் கிழக்குச் சுவர் ஓதம் காட்டும்"னு ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு டம்ளரை மெதுவா ஜன்னல் திட்டுல வச்சா. அதுக்கப்புறம் அவங்க ஃபோன் வரல. "பின்ன, பொய் சொல்லியா விக்கச் சொல்லுத?"ங்கிறாங்க அம்மா. அதுக்கு என்ன சொல்றது?

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. அந்த 1,70,000 குடுக்கலாமா?

வைகைக்கரை:

அக்கா, நான் மதுரையில நாலு சென்ட் வீட்டைப் புரோக்கர் இல்லாமத்தான் வித்தேன். வாங்கினது பக்கத்து வீட்டுக்காரர். அவர் மகனுக்குக் கல்யாணம், சுவரை இடிச்சு ஒண்ணாக்கிக்கிட்டார். வெளியாளுக்கு உங்க இடம் வெறும் அஞ்சரை சென்ட். ஒட்டி இருக்கிறவருக்கு அப்படி இல்ல, ஒரு ரூபா கூடவே குடுப்பார். போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி நீங்க தெருவுல ரெண்டு பக்கமும் போய்க் கேட்டிருக்கணும், இப்பவும் கேக்கலாம்.

ஆனா ஒண்ணு, முழுசா 14 மாசம் ஆச்சு. கமிஷன் மிச்சம்னு சந்தோஷப்பட்டேன். அந்த 14 மாசம் அந்தப் பணம் பேங்க்ல கிடந்திருந்தா எவ்வளவு வட்டின்னு என் வீட்டுக்காரி கணக்குப் போட்டுக் காட்டினா. அதைப் பத்திப் பேசுறத விட்டுட்டேன்.

முன்னாள் தரகன்:

கோயமுத்தூர்ல 17 வருஷம் இந்தத் தொழில் பாத்துட்டு விட்டவன். எங்காளுகளைப் பத்தி நானே சொல்றேன், கேட்டுக்கோங்க.

"உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மேல வர்றதை நான் பாத்துக்கிறேன்"னு ஒருத்தர் பேசினா அங்கயே எந்திரிச்சிருங்க. உங்ககிட்ட 78-ம்பார், வாங்குறவர்கிட்ட 85-ம்பார். அதனால விலை முடியறதுக்கு முன்னாடி ரெண்டு பார்ட்டியும் ஒரே திண்ணையில உக்காந்து பேசியாகணும். அதுக்கு ஒத்துக்காத புரோக்கர் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு வந்த 29 காலும் அதே கதைதான். ஒருத்தன்கிட்டயும் பார்ட்டி இருந்திருக்காது, உங்க வீட்டைக் காட்டித்தான் பார்ட்டி பிடிக்கப் பாக்கிறாங்க.

ஒரிஜினல் பத்திரத்தை யாருக்கும் கண்ணுல காட்டுறதோட சரி. ஜெராக்ஸ் குடுத்தாலும் குறுக்க "பார்வைக்கு மட்டும்"னு எழுதி, தேதி போட்டுக் குடுங்க. உங்களுக்குப் பதிலா அவரே விக்கிற மாதிரி பவர் எழுதிக் குடுக்கவே கூடாது. கமிஷன் பத்திரம் பதிவான அன்னைக்குத்தான், அக்ரிமெண்ட் அன்னைக்குப் பாதி கேட்டா தலையாட்டாதீங்க. "வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு கேட்டா மூணு மாசம் குடுக்கலாம், அதுக்கு மேல இல்ல.

அப்புறம் அந்தக் கிணறு. உங்கம்மா சொன்னதை நானும் மறைக்க மாட்டேன். எப்பச் சொல்றதுன்னு மட்டும் பாப்பேன். வீடு பிடிச்சு, ரெண்டாந்தடவை பெரியவங்களைக் கூட்டிட்டு வரும்போது, போர் போட இடம் இங்க இருக்குன்னு காட்டிட்டு, கிணறு கோடையில வத்தும்னு சொல்லுவேன். போர் செலவை விலையில கழிச்சுப் பேசி முடிப்பேன். கமிஷன் அதுக்குத்தாங்க. போட்டோ அனுப்பத் தம்பியே போதும்.

பத்திர ஆபீஸ் வாசல்:

நான் வக்கீல். ரொக்கம் கேட்டவரை அனுப்பினது நல்லது. வாங்குறவருக்கு முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9% செலவு. குறைச்சு எழுதினா அவருக்கு லாபம். மாட்டுறது நீங்க. வீடு, மனை விக்கிறவர் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே வருமான வரியில அபராதம் வரலாம்.

தம்பி துபாய்ல இருக்கார்னு போற போக்குல எழுதியிருக்கீங்க. விலை 50 லட்சம் ஆயிட்டா வாங்குறவர் உங்களுக்குத் தர்ற பணத்துலேருந்து 1% வரி (டிடிஎஸ்) பிடிச்சுக் கட்டணும். அது இங்க இருக்கிறவங்க பங்குக்கு. வெளிநாட்டுல குடியிருக்கிறவர் பங்குக்கு 12.5%, அதுக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரியும் உண்டு. குறைச்சுப் பிடிக்கச் சொல்லி வரித்துறையில முன்கூட்டியே சான்று வாங்கிக்கலாம். இதை அக்ரிமெண்டுக்கு முன்னாடியே வாங்குறவர்கிட்ட சொல்லிடுங்க. பதிவு அன்னைக்குச் சொன்னா மனுஷன் பயந்துருவார்.

நான் எழுத வந்தது வேற. நீங்க இந்து, அப்பா உயில் எழுதலைன்னு வச்சுக்கிட்டுக் கேக்கிறேன். 2021-ல் அப்பா தவறும்போது, அப்பாவைப் பெத்த அம்மா உயிரோட இருந்தாங்களா?

நங்கநல்லூர்வாசி:

உயில் இல்ல சார். ஆச்சி இருந்தாங்க, 2022 தை மாசம்தான் போனாங்க. தாசில்தார் குடுத்த வாரிசுச் சான்றுல நாலு பேர் இருக்கு: அம்மா, நான், தம்பி, ஆச்சி. ஆச்சிதான் போயிட்டாங்களேன்னு நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

பத்திர ஆபீஸ் வாசல்:

அங்கதான் விஷயம். மகன் சொத்துல தாய்க்கும் மனைவி, மக்களுக்குச் சமமான பங்கு. ஆச்சிக்கு 4-ல் 1 அன்னைக்கே சேர்ந்தாச்சு. ஆச்சியும் உயில் எழுதலைன்னா, தாத்தா முன்னாடியே தவறியிருந்தா, அந்தக் கால் பங்கு அவங்க மக்களுக்குப் போகும். அப்பாவோட கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?

நங்கநல்லூர்வாசி:

ரெண்டு அத்தை.

பத்திர ஆபீஸ் வாசல்:

அப்ப ஆச்சியோட கால் பங்கு மூணாப் பிரியும், அப்பா வழியில ஒண்ணு உங்களுக்கும் தம்பிக்கும் வரும். அத்தைமாருக்கு ஆளுக்கு 12-ல் 1, 85 லட்சத்துல ஏழு லட்சத்துச் சொச்சம். அவங்க கிரயத்துல கையெழுத்துப் போடணும், இல்லைன்னா முன்னாடியே பங்கை விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும். ஆச்சிக்கும் தனியா வாரிசுச் சான்று வாங்குங்க. லோன் போடுற பேங்க் வக்கீல் உங்க பேப்பரைப் பாத்ததும் கேக்கிற முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கும். அட்வான்ஸ் வாங்கின பிறகு இது வெளிய வந்தா சங்கடம்.

முன்னாள் தரகன்:

வக்கீல் சார் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல. போர்டைக் கழட்டி உள்ள வைங்க மேடம், முதல்ல அத்தைங்க.

நங்கநல்லூர்வாசி:

பத்து நாள் கழிச்சு எழுதுறேன். பக்கத்து வீட்டுல கேட்டாச்சு, அவங்களே விக்கிற யோசனையில இருக்காங்களாம்.

சின்ன அத்தை ஃபோன்லயே சரின்னுட்டாங்க, பங்கைக் குடுத்துட்டாப் போதும்னாங்க. பெரிய அத்தை அம்பாசமுத்திரத்துல இருக்காங்க. எங்க கல்யாணப் பத்திரிகையில மாமா பேர் விட்டுப்போனதுலேருந்து அவங்க எங்களோட பேசி 11 வருஷம் ஆச்சு. நான் அடிச்சா எடுக்கிறதில்ல.

வேற வழியில்லாம அண்ணாச்சிகிட்ட போனேன். வாரிசுச் சான்றை அவர் முன்னாடி வச்சேன். ஏன் அண்ணாச்சி இதை நீங்க கேக்கலன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "ஆச்சி முந்திப் போனாகன்னு நெனச்சுட்டேன் தாயி, தப்புதான்"ன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அம்பை மாமாவும் நானும் ஒரே வகுப்பு. நான் கூட வாரேன்"ன்னார்.

தம்பிகிட்ட சொன்னேன். இப்ப அவன் குதிக்கல. முன்னாள் தரகன் சார் சொன்னதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி அண்ணாச்சிகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்: பவர் கிடையாது, மூணு மாசம், விலை நேர்ல பேசணும், கமிஷன் பதிவு அன்னைக்கு. 1.5%-க்கு முடிஞ்சது.

வர்ற ஞாயித்துக்கிழமை அம்பை போறோம். ஜங்ஷன்ல அல்வா வாங்கிட்டுப் போலாமான்னு அம்மா கேட்டாங்க. "பங்கு பேசப் போற வீட்டுக்கு அல்வாவா? பழம் வாங்குங்க"ன்னுட்டார் அண்ணாச்சி.