கலைச்சொல்: வேட்பாளருக்குத் ‘தகுதிநீக்கம்’ பொருந்துமா?

வணக்கம்.

வழக்கறிஞர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் தேர்தல் வழக்குகளில் வரும் ‘டிஸ்குவாலிஃபிகேஷன்’ என்பதற்குத் ‘தகுதிநீக்கம்’ போதும் என்று முந்தைய மடல்களில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நீக்கம் என்றால் இருந்ததை ஒருவர் எடுக்க வேண்டும். 2017-இல் 18 எம்.எல்.ஏ.க்கள் மீது சபாநாயகர் பிறப்பித்த உத்தரவுக்கு அது சரி. வேட்புமனுப் பரிசீலனையில் யாரும் எதையும் எடுப்பதில்லையே!

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தையே பார்ப்போம். மாநில பார் கவுன்சிலுக்குத் தேர்வாகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குறைந்தது 10 ஆண்டாவது வழக்கறிஞர் பதிவேட்டில் இருந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. 9 ஆண்டு மட்டுமே ஆனவருக்கு அந்தப் பாதியில் இடமில்லை. இது தகுதியின்மை.

இன்னொருவர் 20 ஆண்டு அனுபவம் உள்ளவர். ஒழுங்கு நடவடிக்கையில் குறிப்பிட்ட காலம் தொழில் செய்யக் கூடாது என்று உத்தரவாகியிருக்கிறது. பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும். அந்தக் காலத்தில் இவர் போட்டியிடக் கூடாது என்று விதி இருந்தால் அதை என்னவென்று சொல்வது? அனுபவமும் பதிவும் இருக்கின்றன, குறுக்கே ஒன்று நிற்கிறது. அதனால் ‘தகுதித்தடை’ என்று முன்மொழிகிறேன். காலம் முடிந்தால் மறுபடி நிற்கலாம் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

அப்புறம் அதே சட்டத்தின் 10பி பிரிவு. தகுந்த காரணமின்றித் தொடர்ந்து 3 கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் என்று கவுன்சில் அறிவித்துவிட்டால், பதவியைக் காலி செய்ததாகவே கொள்ளப்படும். இங்கே ‘தகுதியிழப்பு’ போதும்.

இந்தச் சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு வழக்கின் போக்கையே தீர்மானிக்கக்கூடியது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி வழக்கில், தேர்தல் நடுவே ரிட் (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) கூடாது, முடிந்தபின் முடிவை எதிர்த்துத் தேர்தல் மனு போடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம் (1952). சட்டமன்றத் தேர்தலுக்கான தீர்ப்புதான்; ஆனாலும் தொழில்சார் கவுன்சில் தேர்தல் வழக்குகளிலும் இதே வாதம் எழும். லால்குடி வழக்கு வேறு மாதிரி. தொகுதி வாக்காளர் பட்டியலில் இல்லாத ஒருவர், அதே பெயர்கொண்ட வேறொருவரின் பதிவைக் காட்டி 1984-இல் ஜெயித்துவிட்டார். அங்கே ரிட் செல்லும் என்று 1999-இல் தீர்ப்பானது. அவருக்கு அடிப்படைத் தகுதியே இல்லை. அதைத் தமிழில் ‘தகுதிநீக்கம்’ என்று எழுதினால், பதவியில் இருந்தவரைச் சபாநாயகர் நீக்கினார் என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார்.

‘தகுதிவிலக்கு’ என்ற பரிந்துரையும் வேண்டாம். வரிவிலக்கு, வயதுவிலக்கு போல, தகுதி இல்லாமலே நிற்கச் சலுகை தந்ததாகப் பொருள்படும். ‘தகுதித்தடை’யில் குறை தெரிந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

அன்புடன்.