மீட்பு தாமதிக்கும்போது யூதர் எப்படி நம்பினர்?

நிலவன் கேட்டது:
கி.பி. 70இல் உரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்த பின்னர் நாடுகடத்தல், கட்டாய மதமாற்றம், நாஜிப் படுகொலை என யூதர்களின் துயரம் நூற்றாண்டுகளாக நீண்டது. ஆனாலும் மீட்பை வேண்டும் மன்றாட்டு அவர்களுடைய அன்றாடத் தொழுகையில் இன்றுவரை இருக்கிறது. துன்பத்தைக் கண்டும் காணாமல் இருந்ததால்தான் இந்த நம்பிக்கை பிழைத்ததா?

கயல் எழுதியது:
இல்லை என்றே நினைக்கிறேன். எபிரேய வேதாகமத்தில் தீர்க்கதரிசி எரேமியாவின் நூலில் 32ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் வீழும் என்று அறிவித்ததற்காகத் தீர்க்கதரிசியே காவலில் இருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை 17 சேக்கல் (பழங்கால எடை அளவு) வெள்ளிக்கு வாங்கி, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அதன் பிறகுதான், நகரம் பகைவர் கைக்குப் போய்விட்ட நிலையில் நிலத்தை வாங்கு என்கிறீரே என்று கடவுளிடமே முறையிடுகிறார். அவருக்குக் குழப்பம் தீரவில்லை, ஆனால் கிரயம் முடிந்துவிட்டது. இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழுவேட்டையன் எழுதியது:
கயல் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் நம்பிக்கை தவறான ஆளின் மேல் விழுந்த வரலாற்றையும் சேர்த்துப் பேச வேண்டும். ஆலயத்தின் இடிபாட்டில் நரி ஓடுவதைக் கண்டு மற்ற அறிஞர்கள் அழ, அழிவைப் பற்றிய வாக்கு பலித்ததால் மீட்பைப் பற்றிய வாக்கும் பலிக்கும் என்று சிரித்தவர் யூத மத அறிஞர் ரப்பி அகிவா. அதே அகிவாதான் உரோமருக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை மேசியா, அதாவது யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர், என்றார். அந்தக் கிளர்ச்சி கி.பி. 135இல் பெரும் இரத்தக்களரியில் முடிந்தது. முடிவுக் காலத்தைக் கணக்கிடுவோரை, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூது சபிப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்களும் இருக்கலாம். 12ஆம் நூற்றாண்டில் கட்டாய மதமாற்றத்துக்கும், மேசியா என்று கிளம்பிய ஒருவருக்கும் இடையே சிக்கித் தவித்த ஏமன் யூதர்களுக்கு எழுதிய மடலில், யூத அறிஞர் மைமோனிடிஸ் அவர்களுடைய நம்பிக்கையை உறுதிப்படுத்தினார். அந்த மனிதரின் உரிமைகோரலையோ மறுத்தார். நாள் குறிக்காமல் காத்திருப்பது எளிதன்று. நாள் குறித்தவர்கள் அடைந்த ஏமாற்றம் அதைவிடக் கொடியது.

நிலவன்:
அப்படியானால் அழுகைக்கு அங்கே இடம் உண்டா?

கயல்:
நிச்சயமாக உண்டு. ஆலய அழிவை நினைவுகூரும், யூத நாட்காட்டியின் ஆபு மாதம் 9ஆம் நாளில் உண்ணாநோன்பிருந்து, தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்து, எருசலேமின் அழிவுக்காக அழும் வேதாகமப் புலம்பல் நூலை வாசிக்கிறார்கள். அந்நூலின் கடைசி வசனம் கடவுளின் கடுங்கோபத்தோடு நிற்கிறது. அதனால் அதற்கு முந்தைய வசனத்தை, அதாவது எங்களை உம்மிடம் திருப்பும், பழைய நாட்களைப் போல எங்கள் நாட்களைப் புதுப்பியும் என்ற வேண்டுதலை, மீண்டும் ஒருமுறை வாசித்து முடிப்பது வழக்கம். ஆனால் அந்தக் கடுமையான வசனத்தை அவர்கள் விட்டுவிடுவதில்லை. அதையும் வாய்விட்டு வாசித்த பிறகே வேண்டுதலுக்குத் திரும்புகிறார்கள்.